ஒன்றேகால் ஏக்கர், ஒரு குடும்பம்: எங்களிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செவ்வாயும் வெள்ளியும் காலையில் கொழும்பு வெள்ளவத்தையில் வீடு வீடாகக் கீரையும் மரக்கறியும் கொடுத்துக்கொண்டு போகிறோம். மிச்சக் காசு எண்ணும் அந்த அரை நிமிடத்தில்தான் எல்லோரும் கேள்வி கேட்பார்கள். "தங்கச்சி, இதில என்னதான் மிஞ்சும்?" "ஊரில காணி ஒண்டு சும்மா கிடக்கு, நாங்களும் செய்யலாமோ?" ஓட்டோ ஓடிக்கொண்டு நிற்கும், பின்னால் கீரை வாடிக்கொண்டிருக்கும். ஒழுங்காகப் பதில் சொல்ல வாய்த்ததே இல்லை. கேட்டவர்கள் எல்லோரும் அக்கறையோடு கேட்டவர்கள். அதனால் நல்லது கெட்டது எதையும் மறைக்காமல் இங்கே எழுதுகிறேன்.

கொழும்பில் தோட்டமா? எங்கே இருக்கிறது, எவ்வளவு பெரியது?

கொழும்பு என்றால் கோட்டை, கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தை என்றுதான் நினைக்கிறோம். ஹைலெவல் வீதியில் 122 பஸ்ஸில் ஏறி அவிசாவளைப் பக்கம் போய்ப் பாருங்கள். றப்பர் மரமும் வயலும் ஓடையுமாகக் கிடப்பதும் கொழும்பு மாவட்டம்தான். எங்கள் காணி ஹங்வெல்லைக்கு அப்பால், களனி ஆற்றிலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருக்கிறது. ஒன்றேகால் ஏக்கர், அதாவது 200 பேர்ச். றப்பர் தோட்டத்தில் வேலை செய்த மாமா (என் கணவரின் அப்பா) கொஞ்சம் கொஞ்சமாகக் காசு சேர்த்து, தவணை தவணையாக வாங்கியது.

இதில் 60 பேர்ச் கீரைப் பாத்தி, 40 பேர்ச் வாழை, 20 பேர்ச் மாட்டுக்குப் புல். எல்லையைச் சுற்றி 22 தென்னை. மிச்சம் வீடு, கொட்டில், முருங்கையும் அகத்தியும், ஆற்றுப் பக்கமாகச் சரிகிற தாழ்நிலம். வேலைக்கு இவர் (என் கணவர்), நான், மாமி (இவருடைய அம்மா). பக்கத்து வீட்டு அக்கா ஒருவர் கிழமைக்கு மூன்று நாள் நாள்கூலிக்கு வருவார். பிள்ளைகள் இரண்டு பேரும் பள்ளிக்கூடம் விட்டு வந்து கை கொடுப்பார்கள்.

இதில் சீவிக்கலாமா? மாதம் எவ்வளவு மிஞ்சும்?

எல்லோரும் கேட்பது இதைத்தான். அதனால் நீட்டியே சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் மூன்று பை இருக்கிறது. கீரைக் காசு ஒரு பை. அரிசி, பஸ் காசு, பிள்ளைகளின் கொப்பி எல்லாம் அதிலிருந்து போகும். பால் காசு இரண்டாவது. கரண்ட் பில், சீட்டு, மாட்டுத் தீனி அதில் அடையும். வாழையும் தேங்காயும் மூன்றாவது. பெரிய செலவுக்கு மட்டும்தான் அதில் கைவைப்போம். 2024 கடைசியிலும் 2025 தொடக்கத்திலும் கொழும்பில் ஒரு தேங்காய் இருநூறு ரூபாயைத் தொட்டபோது, "உங்களுக்கென்ன, நல்ல காலம்" என்று பலர் சொன்னார்கள். விலை ஏறியதே நாடெங்கும் காய்ப்புக் குறைந்ததால்தான். எங்கள் மரங்களிலும் பாளைக்கு நாலு, ஐந்து குரும்பைதான் நின்றது. விலை நன்றாக இருக்கும் நாளில் கையில் பொருள் இருக்காது, பொருள் குவிந்திருக்கும் நாளில் விலை இருக்காது. தோட்டக்காரருக்கு இது வழக்கம்.

2023இல் ஒரு கொப்பி போட்டு வரவு செலவு எழுதத் தொடங்கினோம். அதற்கு முன்னம் எல்லாம் மனக்கணக்கு. முதல் மாதக் கடைசியில் விதை, தீனி, கூலி, பெற்றோல் எல்லாம் கழித்து 61,000 ரூபாய் மிஞ்சியது. எனக்குச் சந்தோஷம். மேசையில் இருந்து படித்துக்கொண்டிருந்த மகள் எட்டிப் பார்த்துவிட்டு, "அப்பம்மாவுக்கு எவ்வளவு போட்டீங்க?" என்று கேட்டாள். அப்பம்மாவுக்கு ஏன் போடவேண்டும் என்றுதான் முதலில் எனக்குத் தோன்றியது.

அந்த இரவே மணி எண்ணிப் பார்த்தோம். இவர் நாளுக்கு 9 மணித்தியாலம், நான் 7, மாமி 5. மூன்று பேருக்கும் 21. முப்பது நாளுக்கு 630. அந்த 61,000 ரூபாயைப் பிரித்தால் மணித்தியாலத்துக்கு 97 ரூபாய்கூட வரவில்லை. பக்கத்து வீட்டு அக்காவுக்கு எட்டு மணித்தியால வேலைக்கு 2,000 ரூபாய் கொடுக்கிறோம், மணித்தியாலத்துக்கு 250. எங்கள் தோட்டத்தில் ஆகக் குறைந்த கூலிக்கு வேலை செய்தது நாங்கள்தான். அதிலும் எழுபது வயது தாண்டிய மாமி, முதுகு வளைந்து கீரை அறுத்து, கழுவி, கட்டுக் கட்டியவர், கணக்கிலேயே இல்லை.

குடும்பத் தோட்டம் கைகொடுக்கிறது என்று சொல்பவர்கள் பெரும்பாலும் வீட்டுப் பெண்களின் வேலையைச் சேர்க்காமல்தான் கணக்குச் சொல்கிறார்கள். நாங்களும் பத்து வருடம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தோம்.

அதற்குப் பிறகு கொப்பியில் மணிக்கும் ஒரு வரி போட்டோம். எந்த வேலை நேரத்தைத் தின்கிறது என்று தெரிந்தது. பயற்றங்காயை விட்டோம், கம்பு நட்டு, கொடி ஏற்றி, ஒவ்வொரு நாளும் பறித்து, கடைசியில் பூச்சிக்குப் பாதி. பாத்திக்கு வைக்கோலும் வாழைச்சருகும் மூடினோம், களை பிடுங்கும் நேரம் பாதியாகியது. 2025இல், நவம்பர் வெள்ளத்துக்கு முன் வந்த மாதங்களில் சராசரி 94,000 மிஞ்சியது. நாளுக்கு 17 மணித்தியாலம். அப்படிப் பார்த்தால் மணித்தியாலத்துக்கு 184 ரூபாய். இன்னும் அக்காவின் கூலியை எட்டவில்லை.

சீவிக்கலாமா என்றால், சீவிக்கலாம். வாடகை இல்லை, அரிசியும் மீனும் தவிரச் சாப்பாட்டுச் செலவு பெரிதாக இல்லை. ஆனால் காணி சொந்தமாக இருந்தும், மூன்று பேர் உழைத்தும் இவ்வளவுதான் என்பதைத் தெரிந்துகொண்டு இறங்குங்கள்.

ஏன் கீரை? கரட், லீக்ஸ் போட்டால் நல்ல விலை வருமே?

2024 ஜனவரியில் கரட் கிலோ இரண்டாயிரம் ரூபாய்க்குப் போனபோது இந்தக் கேள்வி மழையாக வந்தது. கரட்டுக்கும் லீக்ஸுக்கும் நுவரெலியாக் குளிர் வேண்டும். எங்கள் பக்கம் வெக்கையும் மழையும்தான். வைகாசி தொடங்கித் தென்மேல் பருவமழை, ஐப்பசி கார்த்திகையில் இடியோடு இன்னொரு மழை. இந்த ஈரத்தில் தானாகச் சிரிக்கிற பயிர் கீரைதான்.

கங்குன் விதைத்து மூன்று நாலு கிழமையில் அறுக்கலாம். பொன்னாங்காணி தண்டு நட்டால் ஐந்து ஆறு கிழமையில் முதல் அறுப்பு, பிறகு மாதம் ஒருமுறை தளிர்த்துக்கொண்டே இருக்கும். வல்லாரை வேர்பிடிக்கக் கொஞ்சம் சுணங்கும், இரண்டு மாதம் போகும், பிடித்துவிட்டால் கோபித்துக்கொள்ளாது. சின்னக் காணிக்காரருக்குக் கையில் காசு சீக்கிரம் திரும்பவேண்டும். ஒரு பாத்தி போனாலும் ஒரு மாதத்தில் எழும்பலாம். அதுதான் எங்கள் காரணம்.

எங்கே விற்கிறீர்கள்? மனிங் சந்தையில் கொடுத்தால் போதாதா?

இரண்டு வழியும் நடந்து பார்த்தவர்கள் நாங்கள்.

கொழும்பின் மொத்த மரக்கறிச் சந்தையான மனிங் சந்தை புறக்கோட்டையில் இருந்த காலத்திலேயே மாமா அங்கே வாழைக்குலை கொண்டுபோனவர். 2020 நவம்பரில் அது பேலியகொடைக்கு மாறியது. இடம் விசாலம், லொறி திருப்பலாம். ஆனால் நேரமும் கணக்கும் மாறவில்லை. இரவு ஒன்றரைக்கு நாலு ஐந்து தோட்டக்காரர் சேர்ந்து பிடித்த லொறியில் ஏற்றிவிட்டு, விடியும்வரை போனைப் பார்த்துக்கொண்டிருப்போம். என்ன விலை போகும் என்று ஏற்றும்போது யாருக்கும் தெரியாது.

சந்தையில் தந்த கணக்குத் துண்டு ஒன்றை இங்கே அப்படியே தருகிறேன். பொன்னாங்காணி 200 கட்டு, கட்டு 35 ரூபாய், மொத்தம் 7,000. கொமிஷன் நூற்றுக்குப் பத்து, 700. லொறிப் பங்கு 1,200. இறக்குகூலி 200. கையில் 4,900. இது நல்ல நாள். மழை விட்டு இரண்டு நாள் வெயில் அடித்தால் எல்லாத் தோட்டத்திலும் கீரை ஒரே நேரத்தில் தயாராகிவிடும், எல்லோரும் ஒரே இரவில் அறுத்து ஏற்றுவோம். அப்படி ஒரு நாளில் கட்டு 12 ரூபாய்க்குப் போனது. அதே 200 கட்டுக்கு மிஞ்சியது 760 ரூபாய். அன்று மூன்று பேர் அறுத்தும் கட்டியும் செலவழித்தது பன்னிரண்டு மணித்தியாலம்.

கொமிஷன் எடுப்பவரில் எனக்குக் கோபம் இல்லை. விடிகாலை நாலு மணிக்கு அவர் இல்லாவிட்டால் அந்தக் கீரையை யார் வாங்குவார்? கீரைதான் காத்திருக்காது. உருளைக்கிழங்கு மூட்டையை நாளைக்கு வைக்கலாம். கீரை ஏழு மணிக்குத் தலை தொங்கிவிடும், எட்டு மணிக்கு மஞ்சள். அதனால் அன்றைய விலை எதுவோ அதுதான் எங்கள் விலை.

வீட்டுக்கு வீடு கொடுப்பது 2020 மார்ச் ஊரடங்கில் தொடங்கியது. சந்தை பூட்டு. பாத்தியில் கீரை முற்றுகிறது. வெள்ளவத்தையில் இருந்த உறவுக்கார அக்கா போனில், "இஞ்ச ஒரு கீரைக்கட்டுக்கு வழியில்ல" என்றார். பிரதேச செயலகத்தில் அனுமதி எடுத்து, ஓட்டோவில் ஏற்றிப் போனோம். முதல் நாள் ஆறு வீடு. இன்றைக்கு 47 வீடு. கட்டு 80 ரூபாய். சந்தையில் நல்ல நாளில் 200 கட்டுக்கு வந்த காசு இங்கே ஏறக்குறைய 60 கட்டில் வந்துவிடும். பெற்றோல் போகும், இவருடைய காலை நேரமும் போகும். ஆனாலும் வீட்டிலிருந்து இறங்கும்போதே விலை தெரியும். அந்த நிம்மதிக்குப் பெறுமதி அதிகம்.

2022இல் அதுவும் ஆட்டம் கண்டது. பெற்றோலைப் பங்கிட்டுக் கொடுக்கிற கியூஆர் முறை வந்த நேரம் ஓட்டோவுக்குக் கிழமைக்கு 5 லீற்றர் பெற்றோல். எங்களுக்கு ஒருமுறை போய்வரவே மூன்று லீற்றருக்கு மேல். செவ்வாயை நிறுத்தி வெள்ளியை மட்டும் வைத்துக்கொண்டோம். ஒரு வீடும் எங்களை விட்டுப் போகவில்லை. அதை நான் மறக்கமாட்டேன்.

வீட்டுக்காரரை நம்பிச் செய்தால் அவர்களுடைய நாட்காட்டியை மனப்பாடமாக வைத்திருக்கவேண்டும். வெள்ளிக்கிழமை மரக்கறி நாள், இரட்டிப்பாகப் போகும். கந்தசஷ்டி ஆறு நாளும் முருங்கை இலையும் வாழைக்காயும். பாரணைக்கு அகத்தி தேடுவார்கள். அதற்காகவே எட்டு அகத்தி மரம் வைத்திருக்கிறோம். நவராத்திரிக்கும் தைப்பொங்கலுக்கும் வாழையிலை. குலை வெட்டுவதைவிட இலையில் காசு நிற்கிற கிழமைகள் அவை. ஓகஸ்டில் பாதி வீடு நல்லூர்த் திருவிழாவுக்குப் போய்விடும். அந்த மாதம் கங்குன் பாத்தியைக் குறைத்தே போடுவோம். மிஞ்சினால் மாட்டுக்கு.

கொழும்புக் கீரை சாக்கடைத் தண்ணீரில் வளர்வது என்கிறார்களே?

பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. கங்குன் தண்ணீர்க் கரையில் தானாகப் படரும். நகரத்துக் கால்வாய் ஓரமாக வளர்ந்ததில் ஈயம், கட்மியம் போன்றவை ஏறியிருக்க இடமுண்டு. இதை உப்புத் தண்ணீரில் கழுவினால் போகாது, தண்டுக்குள்ளேயே இருக்கும். கழுவினால் போவது மண்ணும் புழு முட்டையும் கிருமியில் ஒரு பங்கும்தான். ஆகவே விற்பவரிடம் "எங்கே வளர்ந்தது, எந்தத் தண்ணீர்?" என்று கேளுங்கள். கேட்கிறதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

நாங்கள் கிணற்றுத் தண்ணீர் இறைக்கிறோம். அறுத்த கீரையைக் கழுவுவதும் அதே கிணற்றில்தான், ஓடையில் இல்லை. மருந்து அடித்த பாத்திக்குக் கம்பில் சிவப்புத் துணி கட்டி, போத்தலில் போட்டிருக்கிற நாள் கணக்கு முடியும்வரை யாரும் கைவைப்பதில்லை.

அப்படியென்றால் நீங்கள் இயற்கை விவசாயம் இல்லையா?

முழுக்க இல்லை. நிறையப் பேருக்கு இதைக் கேட்டு முகம் மாறும். ஆனால் பொய் சொல்லி விற்கமாட்டோம்.

2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதிக்குத் தடை வந்தது. ஒரே இரவில் நாடு முழுக்கச் சேதனப் பசளைக்கு மாறவேண்டும் என்றார்கள். நவம்பரில் தடையை எடுத்தார்கள், ஆனால் அதற்குள் ஒரு போகம் போய்விட்டது. மாட்டுச் சாணத்தில் ஆசையாக நம்பிக்கை வைத்திருக்கிறவள் நான். அதனால்தான் அந்த வருடம் நடந்ததைச் சொல்லவேண்டும் என்று நினைக்கிறேன்.

ஒரு மூடை யூரியா 50 கிலோ. அதில் நைதரசன் 46 வீதம், ஆகவே 23 கிலோ. காய்ந்த சாணத்தில் நூற்றுக்கு ஒன்று, ஒன்றரைதான் நைதரசன். அந்த ஒரு மூடையின் வேலையைச் செய்ய ஏறக்குறைய இரண்டு தொன் சாணம் வேண்டும். இரண்டு தொன்னைச் சுமந்து, பரப்பி, மக்கவைக்கவேண்டும். எங்கள் இரண்டு மாட்டுச் சாணம் பாதிப் பாத்திக்குத்தான் காணும். மற்றப் பாதியில் பொன்னாங்காணி மஞ்சள் பிடித்து விரல் நீளத்தில் நின்றது. மாடு இல்லாத அயலவர்கள் முழுவதையும் இழந்தார்கள். சாணச் சாக்கு ஒன்று என்ன விலைக்குப் போகும் என்று அதுவரை யாரும் கேட்டதில்லை. அந்த வருடம் வாசலில் வந்து நின்று கேட்டார்கள்.

மண்ணைச் சாணத்தாலும் சருகாலும் திருத்தலாம், ஆனால் வருடக்கணக்கு எடுக்கும். இப்போது முன்னர் போட்டதில் மூன்றில் ஒரு பங்கு யூரியாதான் போடுகிறோம், அதுவும் வாழைக்கும் புல்லுக்கும். கீரைப் பாத்திக்கு மக்கிய சாணமும் மாட்டு மூத்திரம் கலந்த தண்ணீரும். பாத்திகளில் மண்புழு வந்துவிட்டது. மண்வெட்டி போட்டால் சத்தமில்லாமல் இறங்குகிறது. முன்பெல்லாம் "டங்" என்று கேட்கும்.

மாடு கட்டாயம் வேண்டுமா?

பால் கணக்கில் மட்டும் பார்த்தால் வேண்டாம் என்பேன். சாணத்தையும் சேர்த்தால் வேண்டும். எங்களிடம் ஜேர்சிக் கலப்பு இரண்டு. கறவையில் இருக்கும்போது இரண்டும் சேர்ந்து நாளுக்குப் பன்னிரண்டு பதின்மூன்று லீற்றர். பாதி பக்கத்து வீடுகளுக்கு, மிச்சம் பால் சேகரிப்பு நிலையத்துக்கு. அங்கே கொழுப்பு அளந்துதான் விலை. மழைக்காலத்து இளம்புல்லை மட்டும் தின்றால் கொழுப்பு இறங்கும், விலையும் இறங்கும். வைக்கோலும் புண்ணாக்கும் சேர்த்துப் போட்டால் ஏறும், புண்ணாக்கு விலை அதைத் தின்றுவிடும்.

கோ-3 புல் கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் உருவாக்கியது. ஒரு கணு நட்டால் போதும், ஆறு கிழமைக்கு ஒருமுறை ஆள் உயரம் எழும்பும். இது இல்லாமல் 200 பேர்ச்சில் இரண்டு மாடு வைக்கமுடியாது.

மாடு வைத்தவருக்கு விடுமுறை கிடையாது. கல்யாண வீட்டுக்குக் குடும்பமாகப் போய் ஆறு வருடம் ஆகிறது. ஒருவர் எப்போதும் வீட்டில்.

வெள்ளம் வந்தால் என்ன செய்வீர்கள்?

சிவனொளிபாதமலைப் பக்கத்தில் ஊற்றெடுத்து மட்டக்குளியில் கடலில் விழுகிற ஆறு இது. மலையில் கொட்டினால் எங்களுக்கு வெயிலடித்தாலும் வெள்ளம் வரும். கித்துல்கல, கிளென்கோர்ஸ், ஹங்வெல்ல, நாகலகம் வீதி என்று நீர்ப்பாசனத் திணைக்களம் நீர்மட்டம் சொல்லும்போது எங்கள் வீட்டில் பேச்சு நின்றுவிடும். மேலே இரண்டு இடத்திலும் ஏறுகிறது என்றால் எங்களுக்குச் சில மணித்தியாலம்தான்.

2016 மே வெள்ளத்தில் நாங்கள் ஆற்றுப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தோம். தண்ணீர் பின்னால் ஓடை வழியாக எதிர்த்து ஏறி வந்து கொட்டிலை முதலில் பிடித்தது. மாமி அன்று சொன்னது எங்களுக்குச் சட்டம் மாதிரி ஆகிவிட்டது: "ஆறு முன்வாசலால வராது புள்ள. ஓடையப் பாரு."

2025 நவம்பர் 28ஆம் தேதி, டித்வா புயல் மழை. அன்று ஓடையைத்தான் பார்த்தோம். வேலிக் கம்பு ஒன்றில் இவர் சாணியால் கோடு கீறிவிட்டு வந்தார். அரை மணி கழித்து டோர்ச் அடித்தால் கோடு தண்ணீருக்குள். உடனே மாடுகளை அவிழ்த்தோம். மூத்தது பழகியது, மேட்டுவீட்டுப் பக்கம் தானாக நடந்தது. இளையது பயந்து தண்ணீருக்குள் நின்றுவிட்டது. மாமி அதன் காதில் எதையோ சொல்லிக்கொண்டு, சீலையைக் கணுக்காலுக்கு மேல் சொருகி, முன்னால் நடந்தார். பின்னால் அது வந்தது. மேட்டில் இருக்கிற சிங்கள அயலவர் வாகனக் கொட்டகையைத் திறந்துவிட்டு, கேட்காமலே வைக்கோல் போட்டார். நாலு நாள் அங்கேதான் மாடும் நாங்களும்.

திரும்பி வந்தபோது கீரை 60 பேர்ச்சும் ஒரே சேறு, வாழை முக்கால்வாசி சரிந்திருந்தது. சில பாத்தியில் வல்லாரை பச்சையாகவே நின்றது. பார்த்தால் அறுத்து விற்கலாம் போல இருக்கும். வெள்ளத் தண்ணீர் தொட்ட இலையை விற்கக்கூடாது. மலசலகூடக் குழியெல்லாம் கலந்த தண்ணீர் அது. எல்லாவற்றையும் அறுத்துப் புதைத்தோம். வீட்டுக்காரர் பலர் முன்பணம் தருகிறோம் என்றார்கள். வாங்கினோம், பெப்ரவரி முடியுமுன் கீரையாகவே கழித்துவிட்டோம்.

தாழ்ந்த இடத்தில் இருப்பவர்களுக்கு மூன்று சொல்வேன். கமநல சேவை நிலையத்தில் இப்போதே பதிந்து வையுங்கள், வெள்ளத்துக்குப் பிறகு பதிய ஓடாதீர்கள். பாத்திகளை மாதம் ஒருமுறை போனில் படம் எடுங்கள், சேதம் காட்ட முன்படமும் வேண்டும். வல்லாரையிலும் பொன்னாங்காணியிலும் கொஞ்சத்தை மேட்டில் பழைய வாளியிலாவது வளருங்கள். மறுபடி தொடங்க நடுகை அதிலிருந்துதான் வரும். எங்களுக்கு அப்படி ஏழு வாளி இருந்தது.

உடம்புக்கு?

எலிக்காய்ச்சல்தான் பெரிய பயம். சேற்றில் இறங்குபவர்கள், காலில் வெடிப்போ வெட்டோ இருந்தால் இன்னும் கவனம். பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொன்னால் டொக்சிசைக்கிளின் குளிசை பற்றி வழிகாட்டுவார். காய்ச்சலும் கெண்டைக்கால் நோவும் சேர்ந்து வந்தால் கசாயத்தோடு படுத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய், "சேற்று வேலை செய்கிறேன்" என்பதை முதலில் சொல்லுங்கள்.

மற்றது முதுகு. மாமிக்கு இப்போது இடுப்புயர மேசை ஒன்று அடித்திருக்கிறோம். கட்டுக் கட்டுவது, கழுவுவது எல்லாம் நின்றபடி. பத்து வருடம் முன்பே அடித்திருக்கவேண்டும்.

குரங்கு, மயில்?

2025 மார்ச் 15 காலை எட்டிலிருந்து ஐந்து நிமிடம் நாடு முழுக்கக் குரங்கும் மயிலும் எண்ணினார்களே, நாங்களும் படிவம் நிரப்பினோம். வாழைக்குலையை உரச்சாக்கால் மூடுகிறோம். நாற்றுக்கு மேல் வலை. ஆபிரிக்க நத்தையை இருட்டியபின் கையால் பொறுக்குவதைத் தவிர வேறு வழி எங்களுக்குச் சரிவரவில்லை. அது பிள்ளைகளின் வேலை.

கடன் எடுத்துத் தொடங்கலாமா?

தண்ணீர் இறைக்கிற எங்கள் பம்பி மண்ணெண்ணெயில் ஓடியது. 2022 ஓகஸ்டில் லீற்றர் 87 ரூபாயாக இருந்த மண்ணெண்ணெய் 340 ஆனது. வெயில் நாளில் இரண்டு லீற்றர் குடிக்கும். 174 ரூபாய்ச் செலவு 680 ஆகிவிட்டது. கரண்ட் மோட்டார் வாங்க என் காப்பு இரண்டையும் அடகு வைத்தோம். பிறகு மின்கட்டணமும் ஏறியது. ஆனாலும் கணக்குப் பார்த்தால் மோட்டார்தான் லாபம். காப்பு பதினாறு மாதத்தில் வீட்டுக்கு வந்தது.

நான் பிடிக்கிற வழி இதுதான்: எந்தப் பொருள் செலவைக் குறைக்கும் என்று கொப்பியில் எழுதிக் காட்டமுடிகிறதோ அதற்குக் கடன் வாங்கலாம். விளைச்சல் வரும், விலை ஏறும் என்ற எண்ணத்துக்கு வாங்கக்கூடாது. ஒரு நிதி நிறுவனத்தில் தவணைக்கு உழவு யந்திரம் எடுத்த அயலவர் ஒருவரின் யந்திரத்தை, நாலு தவணை பிந்தியதற்காக வாசலில் வந்து ஏற்றிக்கொண்டு போனார்கள். 60 பேர்ச் கீரைக்கு மண்வெட்டி போதும்.

சிங்களம் தெரியாமல் சமாளிக்கலாமா?

சந்தையிலும் அயலிலும் பேச்சுச் சிங்களம் தேவை, ஆறு மாதத்தில் வந்துவிடும். படிவங்களைத் தமிழில் கேட்க உரிமை இருக்கிறது, கேளுங்கள். பயிர்ச் சந்தேகத்துக்கு விவசாயத் திணைக்களத்தின் 1920 இருக்கிறது. பகுதி விவசாயப் போதனாசிரியரை ஒருமுறை பாத்திக்கே கூட்டிவந்தால் போனில் பத்து முறை பேசுவதைவிடப் பலன்.

காணி வாங்க யோசிக்கிறோம். எதைப் பார்க்கவேண்டும்?

மழைக்காலத்தில் போய்ப் பாருங்கள். விற்பவர் தை, மாசியில்தான் காட்டுவார். பக்கத்து வீட்டுச் சுவரில் வெள்ளக் கறை எவ்வளவு உயரம் என்று பாருங்கள், சுவர் பொய் சொல்லாது. உறுதிக் காணியா, அனுமதிப்பத்திரக் காணியா என்பதை நொத்தாரிசிடம் காட்டித் தெளியுங்கள். வயல்காணி மலிவாகக் கிடைக்கும், மண் போட்டு நிரப்பிக்கொள்ளலாம் என்பார்கள். 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டப்படி அனுமதியில்லாமல் நிரப்பமுடியாது.

இன்னொன்று, மனம் நோகவேண்டாம். கொழும்பைச் சுற்றிக் காணி பேர்ச் கணக்கில், வீடு கட்டுகிறவர் கொடுக்கும் விலைக்குப் போகிறது. அந்த விலையைக் கீரை திருப்பித் தராது. எங்கள் மாமா வாங்கிய காலம் வேறு. ஏற்கெனவே காணி இருப்பவர், அல்லது குத்தகைக்கு எடுக்கக்கூடியவர் தொடங்கட்டும். வீட்டுக்குப் பின்னால் பத்துப் பேர்ச் இருந்தால் அதில் ஒரு வருடம் செய்து, மணியையும் எழுதிப் பாருங்கள்.

பிள்ளைகள் இதைத் தொடர்வார்களா?

மகன் உயர்தரத்தில் உயிர்முறைமைகள் தொழினுட்பவியல் எடுத்திருக்கிறான். அதை வைத்து, அவன் தோட்டத்துக்கு வருவான் என்று மாமி முடிவு கட்டிவிட்டார். அவன் இன்னும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. மகளுக்குக் கணக்கு. கொப்பியை இப்போது அவள்தான் எழுதுகிறாள். கைச்செலவுக்கு ஏதும் வேண்டும் என்றால், தான் நத்தை பொறுக்கிய மணிகளைக் கூட்டிக் காட்டி, "இவ்வளவு தரவேணும்" என்று கேட்கிறாள். கொடுக்கிறோம். மாமிக்கும் மாதம் முதலாம் தேதி அவருடைய மணிக்குரிய காசைத் தனி உறையில் வைத்துக் கையில் கொடுக்கிறோம். முதல் தடவை, "எனக்கெதுக்கு?" என்று திருப்பி நீட்டினார். மூன்றாவது மாதம் அதில் ஒரு சீட்டுப் போட்டிருக்கிறார் என்று பிறகுதான் தெரிந்தது.

நேரில் வந்து பார்க்கலாமா?

வாருங்கள். வெள்ளிக்கிழமை கீரை வாங்கும்போது சொல்லிவிடுங்கள். திங்கள் அல்லது வியாழன் பின்னேரம் மூன்றரைக்குப் பிறகு நல்லது, அடுத்த நாள் விற்பனைக்கு அறுக்கிற நேரம். சப்பாத்து வேண்டாம், சேறு பிடித்தால் பரவாயில்லை என்கிற செருப்பு போதும். அறுத்த பொன்னாங்காணி மேசையில் குவிந்திருக்கும், வாழைநார் வாளியில் ஊறிக்கொண்டிருக்கும். மாமி தேநீர் தருவார். குடித்து முடிந்ததும் ஒரு பிடி நாரை உங்கள் கையில் தந்து, தண்டு நுனியெல்லாம் ஒரே மட்டத்தில் வரக் கட்டுவது எப்படி என்று காட்டுவார். முதல் ஐந்து கட்டை அவர் அவிழ்த்துத் திரும்பக் கட்டுவார். குறை நினைக்கவேண்டாம், எனக்கும் அப்படித்தான் செய்தார்.